கணக்கை எழுதுபவர் யார்?

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்குச் 'செயல்முறைகள் ஆராய்ச்சி' என்னும் பாடம் நினைவிருக்கும். சில கிடங்குகளிலிருந்து சில கடைகளுக்குக் குறைந்த செலவில் சரக்கு அனுப்பும் கணக்குகள் அதில் வரும். தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் ரேடாரைத் திறம்படப் பயன்படுத்தும் வழியைத் தேடிய பிரிட்டிஷ் அறிவியலாளர்களிடம் உருவான இத்துறை, இன்று பேருந்துத் தடம், மருத்துவமனைப் படுக்கை, அணை நீர் எனப் பற்றாக்குறையான எதையும் பங்கிடும் அறிவியலாக வளர்ந்துள்ளது. பங்கீடு என்றாலே அது நம் உரிமை சார்ந்ததும்கூட.

இக்கணக்குகளில் இரண்டு உறுப்புகள் முதன்மையானவை. எதைப் பெருக்குவது, எதைக் குறைப்பது என்பதைக் 'குறிக்கோள் சார்பு' சொல்லும். எந்த எல்லையை மீறக் கூடாது என்பதைக் 'கட்டுப்பாடுகள்' சொல்லும். 'டீசல் செலவைக் குறை' என்று மட்டும் எழுதினால் பேருந்து ஊரோடு திரும்பிவிடலாம், சேரிக்கு வராது. 'எந்தக் குடியிருப்பும் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கலாகாது' என்று ஒரு வரி சேர்த்தால் விடை மாறிவிடும். கணினி இரண்டையும் பிழையின்றித் தீர்க்கும். அநீதி புகுவது விடை காணும்போதன்று, கேள்வியை எழுதும்போது.

கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைக் கொண்டது தாமிரபரணி. தலைமடைக்கும் கடைமடைக்கும், வயலுக்கும் தூத்துக்குடி ஆலைகளுக்கும் நீரைப் பங்கிடுவது இத்துறைக்கே உரிய கணக்கு. அதில் நிலமுடையோரின் விளைச்சல் ஓர் எண்ணாக இடம்பெறும். நீர் வராத பருவத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளி இழக்கும் வேலைநாள்கள் இடம்பெறுமா? இலாபக் கணக்கில் கூலி என்பது எப்போதும் 'குறைக்க வேண்டிய செலவு'. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியது. 17 பேர் மாண்டனர். 'செலவு' என்று எழுதப்பட்டவர்கள் தங்களை மனிதர்களாகக் கணக்கில் சேர்க்கக் கேட்டதே அன்றைய கோரிக்கை.

ஆகவே இக்கணக்குகளை எழுதும் இடத்தில் நம் மாணவர்கள் அமர வேண்டும் என்கிறோம். நம் பகுதிக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் கணிதம், மேலாண்மைப் படிப்புகளின் ஒரு தாளாகவே உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையும் ஈராண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. மும்பை ஐஐடியிலும் இத்துறையில் உயர்கல்வி பெறலாம். கணிதம், புள்ளியியல் பயின்றோர் இதற்கு அணியமாவது கடினமன்று.

தொலைவும் கட்டணமும் தடையாகத் தோன்றலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டப்படி அங்கே பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் உரிய இடங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தாமலே சேர்வதற்கு 'ஃப்ரீஷிப் கார்டு' முறையை அதன் 2021 நெறிமுறைகள் வகுத்துள்ளன. பணம் கட்டினால்தான் சேர்க்கை என எவரேனும் சொன்னால், அந்நெறிமுறைகளைக் காட்டி எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

நமக்கான கட்டுப்பாட்டு வரியைப் பிறர் எழுதித் தருவார்கள் எனக் காத்திருந்தது போதும். அவ்வரியை நாமே எழுதக் கற்போம்.