சும்மா இருக்கிற கை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தேன். மேஜையில் தோலை விரித்ததும் முதலில் விரலால் தடவிப் பார்ப்போம். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். முதுகுப் பக்கத்து இறுக்கமான தோலில் ஷூவின் முன்பாகத்தை வெட்டுவோம். லேசான தழும்பு உள்ள இடம் நாக்குக்குப் போகும். வாங்குகிறவர் கண் முதலில் எங்கே போய் நிற்கும் என்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி.

கையால் செய்யும் மேஜிக்குக்கும் அதுவே அரிச்சுவடி.

கல்யாண வீடுகளில் பிள்ளைகளுக்கு நாணயத்தை மறைத்துக் காட்டுவேன். உடனே பெரியவர்கள், "என்னா வேகங்க உங்க கை!" என்பார்கள். வேகம் இல்லை. சட்டென்று அசைகிற கையைத்தான் கண் பிடிக்கும். பார்க்கத் தூண்டாத கைதான் தப்பும்.

இதை எனக்குச் சொன்னவர், வாணியம்பாடியில் சந்தை கூடும் நாளில் கோணியை விரித்து உட்கார்ந்து வித்தை காட்டிய ஒரு பெரியவர். அவர் முன்னால் மூன்று மரச் செப்புகள், சில துணிப் பந்துகள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். ஒவ்வொரு சந்தையிலும் பின்னாலேயே சுற்றியதைப் பார்த்து ஒருநாள் ஒரு நாணயத்தைக் கொடுத்து மறைக்கச் சொன்னார். மறைத்தேன். "கையப் பாக்காத தம்பி. நீ பாத்தா ஊரே பாக்கும்" என்றார். நாற்பது வருடம் பழகியும் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

செப்பு என்றால் சின்னக் கிண்ணம், சிமிழ். பெண் பிள்ளைகள் விளையாடும் சொப்பும் அதே சொல்தான். செப்பைக் கவிழ்த்துப் பந்தை மறைப்பதால் செப்பிடு வித்தை. பேச்சில் செப்படி வித்தை. கேரளத்தில் இதற்குச் 'செப்பும் பந்தும்' என்று பெயர். அங்கே வாழக்குன்னம் நம்பூதிரி இதில் பெரும் புகழ் பெற்றார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரித் தத்துவஞானி செனகாவும் கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் வைத்துச் செய்யும் வித்தையைப் பற்றித் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தென்னாட்டு வித்தைக்காரர் ஒருவர் இதை லண்டனில் காட்டினார். வெள்ளைக்காரர்கள் அவரை 'ராமோ சாமி' என்று எழுதினார்கள். 1819-இல் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். 1850-இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சரி, நாணயம் எப்படி மறைகிறது? பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 9 கிராம் எடை. விளிம்பு கனமாக இருப்பதால் பிடிக்கு நன்றாக நிற்கும். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைச் சேரும் மடிப்பில் அதை வைத்து, விரல்களை லேசாக வளையுங்கள். நாம் சும்மா நிற்கும்போது விரல்கள் அப்படித்தான் வளைந்திருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, கை மாற்றுவதுபோல் காட்டுவது. வலக்கை நாணயத்தை இடக்கை உள்ளங்கையில் முதலில் நிஜமாகவே பத்து முறை வையுங்கள். கண்ணாடியில் கவனியுங்கள். பிறகு அதே அசைவு, அதே நிதானம். ஆனால் இடக்கை விரல்கள் மூடும் நேரத்தில் வலது கட்டைவிரல் நாணயத்தை அந்த மடிப்புக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கண் மூடிய இடக்கையோடு போக வேண்டும். வலக்கை தொடைப் பக்கம் தானாகத் தொங்கட்டும். இதில் கடினமான வேலை அந்த வலக்கைக்குத்தான்: அது சும்மா இருக்க வேண்டும். நாணயத்தை மடிப்பில் வைத்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, டீ குடித்துப் பழகினேன். கை தன்னிடம் நாணயம் இருப்பதையே மறக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

கண்ணின் பங்கை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் இங்கிலாந்தில் குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் ஒரு காட்சியைக் காட்டினார்கள். வித்தைக்காரர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோல் கையை மட்டும் அசைக்கிறார். பந்து கையிலேயே இருக்கிறது. அவர் மேலே பார்த்தபோது, பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகவே பெரும்பாலோர் சொன்னார்கள். அவர் தன் கையைப் பார்த்தபோது ஏமாந்தவர்கள் குறைந்தார்கள். வாணியம்பாடிப் பெரியவர் பேச்சு ஆய்வுக்கூடத்திலும் மெய்யானது.

செப்பு வித்தையின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்கு மூன்று பந்துதான் தெரியும். வித்தைக்காரரிடம் இருப்பதோ நான்கு. செப்பை நகர்த்தி வைக்கும்போதே நாலாவது பந்து அடியில் போய்விடும். அதற்குப் பிறகுதான் "சூ மந்திரக்காளி" வரும். மந்திரம் சொல்லும்போது நாம் கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறோம். வேலையோ எப்போதோ முடிந்துவிட்டது. கடைசியில் செப்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் வருமே, அது உள்ளே போவது கூட்டம் சிரித்துக் கைதட்டும் நொடியில். சிரிக்கும்போது யாரும் காவல் இருப்பதில்லை.

ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று சக கலைஞர்கள் கேட்பார்கள். உடைக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. 1584-இலேயே ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரர் என்று மனிதர்களைக் கொல்வதை எதிர்த்து எழுதிய புத்தகத்தில் இத்தகைய கைவித்தைகளை விளக்கினார். நம் கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த், 2009-இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய், சாமியார்கள் வெறுங்கையில் விபூதி வரவழைப்பதைத் தானும் செய்து காட்டினார். கஞ்சி விட்டுப் பிசைந்து காயவைத்த சாம்பல் உருண்டை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். நசுக்கினால் விபூதி கொட்டும். ஐந்து ரூபாய் நாணயத்துக்கு நான் சொன்ன அதே பாடம்தான்.

மேஜிக் செய்கிறவன், "ஏமாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறான். முடிந்ததும் நாணயத்தைத் திருப்பித் தருகிறான். சொல்லாமல் ஏமாற்றுகிறவன் உங்கள் பணத்தோடு நம்பிக்கையையும் எடுத்துக்கொள்கிறான். ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒரு நாணயம் கொடுத்து இதைப் பழகச் சொல்லுங்கள். நாளை யாராவது ஒரு கையை நீட்டி அற்புதம் காட்டினால், சும்மா இருக்கிற இன்னொரு கையையும் அது பார்க்கும்.