வயலும் ஓர் ஏனம்தான்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் மனை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சென்ட் என்ன விலை? பாதை எத்தனை அடி? அப்ரூவல் உண்டா? கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா? வருகிற தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் போகிற தண்ணீரைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஐப்பசியில் கொட்டும் மழை இந்த மனையிலிருந்து எந்த வழியாக இறங்கி எங்கே போய்ச் சேரும்? தரகரிடம் இதற்குப் பதில் இருக்காது. வரைபடம் போட்டுக் கொடுத்தவரிடமும் பல நேரம் இருக்காது.

முன்பு கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஊர்ப்பெயரே பதிலைச் சொல்லிவிடும். குமரி மாவட்டத்தில் ‘விளை’ என்று முடிகிற ஊர்கள் எத்தனை என்று எண்ணி மாளாது. விளை என்றால் மேட்டுநிலம். தென்னையும் பனையும் மரச்சீனியும் நிற்கிற இடம். வீடுகளை அங்கேதான் கட்டினார்கள். இரண்டு விளைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடப்பது வயல். கல்குளம், விளவங்கோடு பக்கம் அதை ஏலா என்பார்கள். விளையில் விழுந்த மழை ஏலாவில் இறங்கி, அங்கிருந்து குளத்துக்கோ ஆற்றுக்கோ போகும். மனிதர் மேட்டில் இருப்பது, தண்ணீர் பள்ளத்தில் இருப்பது என்கிற இந்த ஏற்பாடு நகரமைப்புச் சட்டங்களுக்கெல்லாம் மூத்தது. இப்போது விளையில் இடம் தீர்ந்துவிட்டது, அல்லது அதன் விலை எட்டாமல் போய்விட்டது. வீடு வயலுக்கு இறங்கிவிட்டது.

அந்த வயல் சும்மா கிடந்த வெற்றிடம் அல்ல. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று பிரிந்து குளங்களை நிறைக்கிறது. குளத்தின் மடை திறந்தால் தண்ணீர் வயலுக்கு. வயலின் வடிகால் அடுத்த குளத்துக்கு. அது நிறைந்தால் மறுகால் வழியாக அதற்கும் கீழே. கடைசியில் சுருளகோட்டில் தொடங்கும் பழையாறு மிச்சத்தையெல்லாம் வாரிக்கொண்டு மணக்குடியில் கடலில் சேர்க்கிறது. மாவட்டத்தில் இப்படி ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. அவற்றில் சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகக் கவனம் பெற்றன. குளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குளத்துக்குக் கீழே இருக்கிற வயலைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மழை பெய்கிறது. நமது ஊர் இடிமழைக்கு இது அதிசயமில்லை. ஒரு ஏக்கரில், அதாவது 100 சென்டில், அந்த ஒரு மணி நேரத்தில் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். இதில் எத்தனை பங்கு வழிந்தோடும் என்பதற்குப் பொறியாளர்கள் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். வழிந்தோடல் கெழு என்று பெயர். சாகுபடி நிலத்துக்கு 0.2 அளவில் வைப்பது வழக்கம். கூரை, தார்ச்சாலை, காங்கிரீட் தளம் என்றால் 0.9 வரை போகும். வீடும் பாதையும் கொஞ்சம் தோட்டமுமாக நிறைந்த மனைப்பிரிவுக்குச் சராசரியாக 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் வயலாக இருந்தபோது 40,000 லிட்டர் வெளியேறிய அதே ஏக்கரிலிருந்து இப்போது 1,40,000 லிட்டர் வெளியேறும். கூடுதல் ஒரு லட்சம் லிட்டர். தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால், ஏக்கருக்குப் பத்து லாரித் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து வயலில் கொட்டிவிட்டுப் போவதுபோல.

உண்மையில் 0.2 என்பதுகூட நெல்வயலுக்கு அநியாயம். அந்த எண் சாதாரண நிலத்துக்கானது. நெல்வயலுக்கு வரப்பு இருக்கிறது. கும்பப்பூப் பருவத்தில் நட்ட வயலில் தண்ணீருக்கு மேலே வரப்பு ஒரு 15 சென்டிமீட்டர் நிமிர்ந்து நிற்கிறது என்றால், வரப்பு உடையாதவரை ஒரு ஏக்கர் 6 லட்சம் லிட்டரைத் தனக்குள் பிடித்துவைக்கும். களிமண் தரை, மழைநீர் அதில் அதிகம் இறங்குவதில்லை. ஆனாலும் அது உடனே வெளியே போவதில்லை, மெதுவாகத்தான் வடிகிறது. மண் உறிஞ்சுவதால் வயல் வெள்ளத்தைத் தடுக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். நாஞ்சில்நாட்டு வயலைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். வயல் ஒரு பஞ்சு அல்ல, ஓர் ஏனம். வரப்பு என்பது அந்த ஏனத்தின் விளிம்பு. மனை போடுகிறவர் முதலில் செய்வது அந்த விளிம்பை வெட்டி, ஏனத்தை மண் போட்டு நிரப்புவது.

அளவு மட்டுமல்ல, வேகமும் மாறுகிறது. கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் மூன்று மணி நேரத்தில் பந்தி பந்தியாக வந்து சாப்பிட்டால் இருநூறு இலை போடுகிற கூடம் போதும். தாலி கட்டி முடித்த கையோடு ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தால்? வயலும் வாய்க்காலும் மழையைப் பந்தி பந்தியாக அனுப்பிக்கொண்டிருந்தவை. காங்கிரீட் ஓடை எல்லோரையும் முதல் பந்திக்கே அனுப்பிவைக்கிறது. மனைப்பிரிவுக்கு உள்ளே ஓடை நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் உள்ளே தண்ணீர் தேங்காதுதான். நல்ல ஓடை கட்டியவரைப் பாராட்டத்தான் தோன்றும். ஆனால் அந்த ஓடை மதிற்சுவரைத் தாண்டியதும் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு மனைப்பிரிவில் இரண்டடி அகல ஓடை, பழைய மண் வாய்க்கால் ஒன்றில் போய் நின்றிருந்தது. வாய்க்காலின் அகலம் ஒன்றரை அடி. அதற்குக் கீழே பதினைந்து வீடுகள்.

இந்தக் கணக்குகள் புதியவை அல்ல. மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, வழிந்தோடல் கெழு மூன்றையும் பெருக்கி உச்ச நீரோட்டத்தைக் கணிக்கும் முறைக்கு அடிப்படை போட்டவர் அயர்லாந்தின் மல்வானி, ஆண்டு 1851. அன்றைய சென்னை மாகாணத்துக்கென்று ரைவ்ஸ் என்ற பொறியாளர் 1884இல் தந்த சூத்திரம் இன்றும் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு மனப்பாடம். நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கொடுத்தால் போதும், வெள்ளத்தின் அளவு வந்துவிடும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் 6.8ஆல் பெருக்கச் சொல்கிறது பாடப்புத்தகம். வசதியான சூத்திரம்தான். ஆனால் அந்தப் பரப்பில் வயல் இருக்கிறதா வீடு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ரைவ்ஸ் காலத்தில் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. வயல் என்றால் பேரன் காலத்திலும் அது வயல்தான். அந்த நம்பிக்கையில் கட்டப்பட்ட சிறுபாலங்களுக்கு அடியில்தான் இன்றைய மனைப்பிரிவுகளின் தண்ணீரும் நுழையப் பார்க்கிறது.

2021 நவம்பர் இரண்டாம் வாரத்தில் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். நாகர்கோவில் – திருவனந்தபுரம் தண்டவாளத்தில் மண் சரிந்தும் தண்ணீர் தேங்கியும் ரயில்கள் நின்றன. அணைகளில் உபரிநீர் திறந்தார்கள், குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது, முதலமைச்சர் வந்து பார்த்தார். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் ‘வெள்ளம்’ என்றுதான் பெயர். அந்த வாரம் இரண்டு அர்த்தத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. அந்தப் பழி முழுவதையும் மனைப்பிரிவுகள் மேல் போடுவது சரியல்ல. மலையில் கொட்டி அணை நிறைந்து ஆற்றில் வருகிற பெருவெள்ளத்தின் முன்னால் ஐந்து ஏக்கர் மனையின் பங்கு சொற்பம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அந்தக் கணக்கில் அதன் பங்கு சொற்பம் அல்ல.

நீர்நிலைக்கு அருகிலோ தாழ்வான இடத்திலோ மனை போடுவதற்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதில் பெரும்பாலும் வருகிற நிபந்தனை, நிலத்தை இத்தனை உயரத்துக்கு மண் போட்டு உயர்த்த வேண்டும் என்பது. வாங்குகிறவரின் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்க அது உதவும். அந்த உயரத்துக்குள் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு மண் பதில் சொல்லாது. பக்கத்து வயல்காரர் மட்டும் கூடுதலாகத் தண்ணீர் வாங்கிக்கொள்வார். இரண்டு பூ நெல் அழுகியதும் அவரும் மனை போடுவார்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2008 முதல் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வயலை நினைத்தபடி நிரப்ப முடியாது. நடைமுறையில் ஓட்டைகள் அங்கும் உண்டு என்பது வேறு கதை.

சரி, வயல் ஏற்கெனவே மனையாகிவிட்டது. இனி என்ன செய்ய? எடுத்த ஏனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேருக்கு, நமது கணக்கில் சுமார் 50 சென்டுக்கு, மேற்பட்ட எந்தப் புதிய கட்டுமானமும் தன் மழைநீரைத் தன் வளாகத்திலேயே பிடித்துவைத்து மெதுவாக விடவேண்டும் என்று விதி இருக்கிறது. நமக்கு அந்த அளவு பணமும் நிலத்தடித் தொட்டியும் வேண்டாம். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு 150 சென்ட் போனால் மிச்சம் 350. பொது இடமான பூங்காவுக்கு 35 சென்ட். முன்பு சொன்ன இடிமழையில் இந்த ஐந்து ஏக்கர் கூடுதலாக வெளியே தள்ளுவது சுமார் 5 லட்சம் லிட்டர். அதை 35 சென்டில் நிறுத்த எவ்வளவு ஆழம் வேண்டும் தெரியுமா? 36 சென்டிமீட்டர். ஒன்றரைச் சாணுக்குச் சற்றுக் கூட.

பூங்காவை, சுற்றியுள்ள பாதையைவிட ஒன்றரைச் சாண் தாழ்த்தி, தெரு ஓடைகளை அதற்குள் திருப்பி, அடியில் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றை வெளியே போக வைத்தால் வயலாக இருந்த காலத்தில் போன அளவுக்கு மட்டும் தண்ணீர் வெளியேறும். அதற்கும் மேலே வருகிற பெருமழைக்கு ஓரத்தில் ஒரு வழிவிடும் கல். குழாய்க்கு மடை என்றும் கல்லுக்கு மறுகால் என்றும் பெயர் வைத்தால் நம் ஊர்க்காரர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பாசனக் குளம் ஐப்பசியில் நிறைந்திருக்க வேண்டும். இது காலியாக இருக்க வேண்டும். மழை விட்ட நாலைந்து மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால் கொசுவுக்கு நேரமில்லை, சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடலாம். நடப்பதோ நேர்மாறு. பூங்காவுக்குத்தான் முதலில் மண் அடித்து மேடாக்குகிறார்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்குமாம்.

மழைநீர் உறிஞ்சுகுழிகளை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு மேட்டுநிலத்தில் நல்ல பலன் தந்தது. ஆனால் நன்செய் மனையில் வடகிழக்குப் பருவத்தின்போது இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். நிறைந்த குழியில் இன்னும் எதை உறிஞ்சுவது?

கடைசியாக ஒரு சொல் விளக்கம். ‘ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற மழைக்கு வடிவமைத்த ஓடை’ என்று ஏட்டில் எழுதியிருந்தால், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த ஐந்தாண்டு நிம்மதி என்று அர்த்தமல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு இருபது வாய்ப்பு. பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது ஓடை வழிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தொன்பது. வீட்டுக்கடன் இருபது ஆண்டுக்கு.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கிராம வரைபடத்தையும் புலப்பட நகலையும் வாங்கி, மனைக்கு மேலும் கீழும் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஐப்பசி வரை பொறுத்திருந்து, மழை கொட்டுகிற நாளில் குடையை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய், அங்கே ஓடை முடிகிற இடத்தில் நில்லுங்கள்.