பந்தும் கோடும்

கால்பந்தாட்டத்தில் வெற்றியை வரையறுப்பது கோல். ஓர் அணியினர் எத்துணைத் திறம்பட ஆடினும், கோல் அடியாராயின் வெற்றி எய்துதல் அரிது. ஆயினும், பந்து எந்நிலையில் கோலாகும் என்பதனை, ஆட்டத்தை ஆர்வத்துடன் காண்போருள்ளும் பலர் தெளிவுற அறிந்திலர்.

கோலின் இரு கம்பங்களுக்கும் இடையே உள்ள அகலம் 7.32 மீட்டர், மேலே உள்ள குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். கம்பங்களுக்கு இடையே தரையில் தீட்டப்பெற்ற வெண்கோடே கோல் கோடு. பந்து கம்பங்களுக்கு இடையிலும் குறுக்குக் கம்பத்திற்குக் கீழும் சென்று, அக்கோட்டினை முழுவதும் கடத்தல் வேண்டும். கோல் அடித்த அணியினர் விதி மீறாதிருத்தலும் வேண்டும்.

ஈண்டு, 'முழுவதும்' என்னும் சொல்லே உயிர்நாடி. பந்தின் முக்காலே மூன்று வீசம் கடந்து, எஞ்சிய வீசம் கோட்டின்மேல் நிற்பினும் அது கோல் ஆகாது. பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். அது உருண்டையாதலின், தரையைத் தொடும் இடத்திற்கு இருபுறமும் 11 சென்டிமீட்டர் அளவு புடைத்து நிற்கும். ஆகவே, கோட்டிற்கு அப்பாலுள்ள புல்லைப் பந்து தொட்டதனாலேயே கோல் ஆகிவிடாது. நேர் மேலிருந்து நோக்குங்கால், பந்துக்கும் கோட்டிற்கும் இடையே நூலளவேனும் வெளி தோன்றுதல் வேண்டும். உயரே பறந்து செல்லும் பந்திற்கும் இதுவே விதி.

விரைந்து செல்லும் பந்தில் இந்நூலளவைக் கண்ணால் காண்டல் எளிதன்று. 1966-ஆம் ஆண்டு, இலண்டன் வெம்பிளி அரங்கில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நிகழ்ந்தது. இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் இவ்விரண்டு கோல்களுடன் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் என்னும் இங்கிலாந்து வீரர் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதி, கோட்டருகே வீழ்ந்து வெளியே துள்ளியது. நடுவர், கோட்டு நடுவரை வினவிய பின்னர்க் கோல் என்றார். இங்கிலாந்து 4–2 என வென்றது. அப்பந்து முழுவதும் கடந்ததோ என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்திலது.

2010-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த உலகக் கோப்பைப் போட்டியில் இதற்கு மாறாயதொன்று நேர்ந்தது. ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்டு உதைத்த பந்து, குறுக்குக் கம்பத்தில் மோதிக் கோட்டினை நன்கு கடந்து வீழ்ந்தது. நடுவர் அதனைக் கண்டிலர், கோல் வழங்கப்படவில்லை. முன்னதில் ஐயத்திற்குரியது ஏற்கப்பட்டது. பின்னதில் ஐயமற்றது மறுக்கப்பட்டது.

இக்குறையைப் போக்க, கருவியின் துணையைக் கொள்ள 2012-ஆம் ஆண்டு விதி வகுப்போர் இசைந்தனர். 2014-ஆம் ஆண்டு பிரேசிலில் நிகழ்ந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஒவ்வோர் அரங்கிலும் 14 படக்கருவிகள் இரு கோல்களையும் நோக்கி நின்றன. பந்து கோட்டினைக் கடந்ததும், ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்திற்குக் குறிப்பு எட்டியது.

எனினும், இக்கருவி உரைப்பது பந்து கோட்டினைக் கடந்ததா என்பது ஒன்றனையே. கோலுக்குமுன் விதி மீறல் உண்டா என ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் கடமை நடுவருடையதே. கருவி கண்ணுக்குத் துணையாகலாம். நடுவுநிலைமையோ மனிதர்தம் நெஞ்சில் நிலைபெற வேண்டுவதொன்றாம்.