விண்வெளியில் அணுக்கரு ஆற்றல்: காஸ்மாஸ் 954 நிகழ்வும் பாதுகாப்பு நெறிகளும்

திறவுச்சொற்கள்: அணுக்கரு உலை, புளுட்டோனியம்-238, காஸ்மாஸ் 954, சேமிப்புச் சுற்றுப்பாதை

முன்னுரை

சூரியனை விட்டு விலக விலகச் சூரியத் தகடுகளின் பயன் குன்றும். நிலவின் ஓர் இரவோ ஏறத்தாழ 14 புவி நாள்கள் நீள்வது. இத்தகைய சூழல்களில் விண்கலங்களுக்கு வெப்பமும் மின்சாரமும் தர அணுக்கரு ஆற்றல் தேவைப்படுகிறது. அவ்வாற்றலைச் சுமந்த கலம் புவிக்குத் திரும்பி வீழ்ந்தால் நேர்வது என்ன, அதனைத் தடுக்க வகுக்கப்பட்ட நெறிகள் எத்தகையன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை மூலங்கள்

விண்கலங்களில் பயன்படும் அணுக்கரு மூலங்கள் இருவகைப்படும். முதலாவது, புளுட்டோனியம்-238 சிதைவதால் எழும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் கருவி. இத்தனிமத்தின் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டுகள். இரண்டாவது, யுரேனியம்-235 பிளவுறும் உலை. இவ்விரண்டின் இடர்களும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. புளுட்டோனியம் ஏவுதளத்திலேயே கடுங்கதிரியக்கம் உடையது. ஆகவே ஏவும் கணமே அதற்கு இடர்மிக்கது. உலையோ, இயக்கப்படும் வரை பெரிதும் தீங்கற்றது. இயங்கிய பின்னரே அதனுள் பிளவு விளைபொருள்கள் சேர்கின்றன. எனவே உலைக்குத் திரும்புதலே ஆபத்து.

புளுட்டோனியக் கருவியின் பாதுகாப்புக் கொள்கை ஒரு விபத்தால் தலைகீழாக மாறியது. 1964 ஏப்ரலில் அமெரிக்காவின் டிரான்சிட் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாது வீழ்ந்தபோது, அதிலிருந்த ஸ்னாப்-9ஏ கருவியின் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் புளுட்டோனியம் உயர் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. எரிந்து பரவுவதே அன்றைய வடிவமைப்பின் நோக்கமாகவும் இருந்தது. அதன்பின், எரிபொருள் சிதறாது முழுமையாக அடங்கியிருக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. 1968 மே மாதம் நிம்பஸ் பி-1 ஏவுதல் தோல்வியுற்று அதன் இரு கருவிகளும் கலிபோர்னியக் கடலில் வீழ்ந்தன. சில மாதங்களில் அவை கசிவின்றி மீட்கப்பட்டன. அவற்றின் எரிபொருள் அடுத்த கலத்தில் மீண்டும் பயன்பட்டது.

காஸ்மாஸ் 954

சோவியத் ஒன்றியம் கடற்படைக் கண்காணிப்புக்கு உலை பொருத்திய ரேடார் செயற்கைக்கோள்களை ஏவிவந்தது. ரேடார் தெளிவாகச் செயற்பட அவை தாழ்ந்த உயரத்தில் சுற்ற வேண்டும். அங்கே பெரிய சூரியத் தகடுகள் வளித்தடையை மிகுவிக்கும். பணி முடிந்ததும் உலைப்பகுதி தனியே பிரிந்து உயர்ந்த சேமிப்புச் சுற்றுப்பாதைக்குச் செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. அதாவது, பாதுகாப்பு முழுவதும் இறுதியில் ஓர் இயந்திரம் பிழையின்றி இயங்குவதையே சார்ந்திருந்தது. 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 954இல் அது இயங்கவில்லை.

1978 ஜனவரி 24 அன்று அக்கலம் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியின் மேல் சிதறியது. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்திற்குத் துண்டுகள் பரவின. உறைபனிக் காலத்தில் கனடாவும் அமெரிக்காவும் இணைந்து 1,24,000 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேடின. கிடைத்தது எரிபொருளில் மிகச் சிறு பங்கே. கனடா 60 இலட்சம் கனடிய டாலருக்குச் சற்று மிகுதியாக இழப்பீடு கோரியது. 1981இல் 30 இலட்சம் டாலர் பெற்று வழக்கை முடித்துக்கொண்டது. முன்னறிவிப்பு அளிக்கப்படவில்லை என்ற கனடாவின் முறையீடு பணத்தினும் முதன்மையானது என்பது கட்டுரையாளரின் கருத்து. வீழும் பொருளில் உலை உள்ளதா என அறியாமல் மீட்புக் குழுவினர் எவ்வாறு ஆயத்தமாவர்?

நெறிகளும் எச்சங்களும்

ஐ.நா. பொதுச்சபை 1992இல் நிறைவேற்றிய 47/68 தீர்மானம் இக்குறையைக் களைய முயன்றது. ஏவுமுன் பாதுகாப்பு மதிப்பீடு செய்து வெளியிடுதல், மீள்நுழைவு நேர்ந்தால் உரிய காலத்தில் அறிவித்தல், குறித்த சுற்றுப்பாதையை அடையும் முன் உலையை இயக்காதிருத்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. எனினும் இவை உறுப்பு நாடுகளைச் சட்டத்தால் பிணிக்கும் உடன்படிக்கை அல்ல. 2009இல் பன்னாட்டு அணுசக்தி முகமையுடன் இணைந்து வெளியான பாதுகாப்புச் சட்டகமும் அத்தகையதே.

பொறியியல் தளத்தில் மாற்றம் விரைவாக வந்தது. விபத்துக்குப் பின் உலையின் எரிபொருட்கருவைத் தனியே வெளித்தள்ளும் அமைப்பைச் சோவியத் பொறியாளர்கள் சேர்த்தனர். ஆனால் மேலே சேமிக்கப்பட்ட கலங்களில் கரு வெளித்தள்ளப்பட்டபோது, குளிர்விப்பானாகிய சோடியம்-பொட்டாசியத் திரவ உலோகம் கசிந்து துளிகளாயிற்று. ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு மேல் உள்ள அச்சுற்றுப்பாதைகளில் அத்துளிகளில் பல இன்றும் விண்குப்பையாகச் சுற்றிவருகின்றன. சேமிப்புச் சுற்றுப்பாதை பிற விண்பொருள்களுடன் மோதும் வாய்ப்பைக் குறைந்த அளவில் வைத்திருக்க வேண்டும் என்பதும் 1992 நெறிகளுள் ஒன்றாகும்.