கருங்காலிக் குதிரையிலிருந்து தொடங்குவோம்

பிளேன்டீ கொஞ்சம் ஆறட்டும் தம்பி. நீங்கள் கேட்டதற்கு ஆறுதலாகத்தான் பதில் சொல்லவேண்டும். ரொக்கெட் கதையும் மாயக் கதையும் வெளிநாட்டானுக்குச் சரி, நாவிதன்வெளியில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் எதைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது என்றுதானே கேட்கிறீர்கள்?

முதலில் ஆயிரத்தொரு இரவுகளைக் கொடுங்கள். முழுவதும் வேண்டாம், கருங்காலிக் குதிரையின் கதை ஒன்று போதும். பாரசீக அரசனிடம் ஒரு ஞானி மரக்குதிரை ஒன்றைக் கொண்டுவருகிறான். அது பறக்கும். இளவரசன் ஏறி உட்காருகிறான், மேலே போவதற்கான முளையைத் திருகுகிறான், குதிரை கிளம்பிவிடுகிறது. இறங்குவது எப்படி என்று அவன் கேட்கவே இல்லை. அரண்மனை சிறுத்துக்கொண்டே போகிறது. அவன் கத்தவில்லை, குதிரையின் உடம்பைத் தடவித் தடவிப் பார்க்கிறான். மற்றத் தோளில் இன்னொரு முளை கையில் படுகிறது. அதைத் திருகினால் குதிரை இறங்குகிறது.

இதைக் கவனியுங்கள். அவனை எந்த ஜின்னும் தூக்கிப் போகவில்லை. அது ஒரு பொறி. அதற்கு விதி உண்டு, அந்த விதியை மனிதன் மூளையாலும் விரலாலும் கண்டுபிடிக்கிறான். விஞ்ஞானப் புனைகதை செய்கிற வேலை இதுதான். மாயக் கதை அப்படி விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறக்கூடாது. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் பாதை இல்லை, அதை ஏற்றுக்கொண்டுதானே நாம் பயணத்தைத் திட்டமிடுகிறோம்? மாய உலகத்தின் சட்டமும் அப்படித்தான். நடுக்கதையில் ஆசிரியர் தன் வசதிக்கு வெள்ளத்தை வற்றவைத்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

அதே ஆயிரத்தொரு இரவுகளில் சிந்துபாத் ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து கரையேறுவது எங்கே? செரந்தீவில், அதாவது நம்முடைய இந்த நாட்டில். அற்புதம் நடக்கிற தூரதேசமாக நம்மை மற்றவர்கள் எழுதிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்த மரபின் தொடர்ச்சி நம்மவர் கையிலும் இருந்திருக்கிறது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திர'த்தை எடுத்துப் பாருங்கள். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு வாசிக்காமல் விடுகிறோம். எகிப்தில் பிறந்த பிள்ளை கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்கிற சாகசக் கதை அது. மொழி பழையதுதான், ஆனால் வேகம் குறையாது.

மறுகா, ஏ.எல். படிக்கிற வயதுப் பிள்ளைக்கு யோசிக்காமல் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுக்கலாம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில், அதாவது நாம் கடந்து வந்துவிட்ட ஆண்டுகளில். ஜீவா என்பவர் நாட்டை ஆளுகிறார். பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று பாத்திரங்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள், ஆட்சியின் அடக்குமுறை அந்தப் பெயர்களிலேயே தெரியும். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. இந்த நுட்பத்துக்காகவே நான் அந்த நாவலைத் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்கிறேன். புத்தகம் வாசித்து வாசித்து மனிதரைவிடப் புத்திசாலியாகிற இயந்திர நாய் ஜீனோவைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. இவற்றை முடித்தவருக்கு ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைகள் பொருந்தும்.

ஆங்கிலம் ஓடுகிற பிள்ளை என்றால் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர். சுஜாதா 2008 பெப்ரவரி 27இல் காலமானார், மூன்றே வாரத்தில் மார்ச் 19இல் கொழும்பில் கிளார்க்கும் போய்விட்டார். 1979இல் வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பரடைஸ்' நாவலில் அவர் நம்முடைய மலை ஒன்றிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதி பூமியோடு சேர்ந்தே சுழலும், ஆகவே கீழேயிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அங்கிருந்து ஒரு கம்பியைத் தரைவரை இறக்கினால் அதில் ஏறிப் போகலாம் அல்லவா? ஆனால் கம்பி இறங்குகிற இடம் பூமத்திய ரேகையில் இருக்கவேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டு, அதைப் புத்தகத்தின் பின்குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார். அந்த மலைக்கு மாதிரி, நாம் பாவா ஆதம் மலை என்றும் சிவனொளிபாதமலை என்றும் சொல்கிற அதே மலை. மலையில் இருக்கிற பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். கம்பியின் பலத்தைக் கணக்குப் போடுகிற பொறியியலாளன், பலநூறு வருட நம்பிக்கையின் முன்னால் வந்து நிற்கிற அந்தப் பகுதிதான் எனக்கு நாவலின் உயிர்.

கல்முனைக்காரர்களையும் விடக்கூடாது. உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' அளவில் சிறிய கதை. நேரே சொல்லமுடியாத நாட்டு நடப்பை ஓர் அரசனின் கதையாகச் சொன்னது. மாயக் கதை எதற்கு என்று கேட்கிற பெரியவர்களுக்கு நான் அதைத்தான் நீட்டுவேன். சோலைக்கிளியின் கவிதைகளிலும் நடக்கமுடியாதவை நடக்கும். அவற்றை விளங்கிக்கொள்ள அவசரப்படாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இவற்றோடு பழகிய பிறகு வஜ்ர சந்திரசேகர. கொழும்பைச் சேர்ந்தவர், 2023இல் வந்த 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலுக்கு நெபுலா விருது வாங்கினார். கிளார்க்கின் மலை நாவலும் வாங்கிய அதே விருது. பிறந்தவுடனே தாய் பிள்ளையின் நிழலைப் பிடுங்கி எறிகிறாள். தந்தை ஒரு மகான், அவரைக் கொல்லவே பிள்ளையை வளர்க்கிறாள். இனம், மதம், அடையாளப் பத்திரம், முகாம் என்று வருவதெல்லாம் வேறு ஏதோ நாட்டில் நடப்பதாக எழுதப்பட்டிருந்தாலும், நம்முடைய பிள்ளை வாசித்தால் ஒவ்வொன்றும் அதற்குத் தெரிந்ததாக இருக்கும். மொழி இலகுவல்ல. தனியாகக் கொடுக்காமல் இரண்டு பேராக வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் அத்தியாயம் முடிய, அந்த ஊரில் எது சட்டம், யார் போட்ட சட்டம் என்று இருவரும் கதைத்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும்.