நெடிய ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் படித்தல்

தோட்ட அலுவலகக் கடிதத்தில் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் பலர் அதனைக் கிராணியாரிடம் நீட்டிவிடுகின்றனர். அச்சொல்லை நாமே இருவகையாகப் பிரிக்கலாம். ஒலிப்பதற்கு அசை, பொருளறியப் பகுதி, விகுதி.

'அன்-எம்-ப்ளாய்-மெண்ட்' என ஒலிக்கையில் அசை நான்கு. பொருளுக்கு உறுப்பு மூன்றே: 'எம்ப்ளாய்' என்பது வேலைக்கு அமர்த்துதல், 'மெண்ட்' அதனைப் பெயராக்கும் விகுதி, முன்னுள்ள 'அன்' எதிர்மறை. ஆகவே, வேலையின்மை.

விகுதியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'எம்ப்ளாயர்' வேலை கொடுப்பவர். 'எம்ப்ளாயீ' வேலை செய்பவர். கடைசி அசை மாறினால் ஆளே மாறிவிடுகிறார்! 1951இல் தோன்றிய நம் ஊழியர் சேமநிதியின் ஆங்கிலப் பெயரும் 'எம்ப்ளாயீஸ்' என்றே தொடங்குகிறது. படிவத்தில் தொழிலாளர் கையொப்பமிட வேண்டியது 'எம்ப்ளாயீ' என்றுள்ள இடத்தில்.

நட்டஈட்டைக் குறிக்கும் 'காம்-பென்-சே-ஷன்' போல 'ஷன்' என முடிபவற்றில், அதற்கு முந்திய அசையை அழுத்தி ஒலிக்க வேண்டும்.