மிச்சமான நிலக்கரிக்கு வாடகை

நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று தேர்வில் எழுதிவிட்டு வரும் மாணவர்கள் பலர். அது சரியன்று. நியூகோமன் என்பவரின் நீராவி எந்திரம் 1712-லேயே இங்கிலாந்தில் சுரங்கத்து நீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. அப்படியானால் வாட் செய்ததென்ன?

நியூகோமன் எந்திரத்தில் உருளைக்குள் நீராவியை விட்டு, அதன்மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். நீராவி நீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இதில் ஒவ்வொரு தடவையும் உருளை சூடேறிச் சூடாறுவதால் நிலக்கரியில் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்க ஒரு தனிக்கலம் வைத்துவிட்டால் உருளை எப்போதும் சூடாகவே இருக்குமல்லவா? 1765-இல் வாட்டுக்குத் தோன்றிய எண்ணம் இதுதான். 1769-இல் காப்புரிமை பெற்றார். 1775-இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை 1800 வரை நீட்டித்தது.

காப்புரிமை என்பது, என் அனுமதியில்லாமல் இதைச் செய்யாதே என்று பிறரைத் தடுக்கும் உரிமை. தடுத்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையுமா? அனுமதி கொடுத்துப் பணம் பெறவேண்டும். அந்த அனுமதிக்கு உரிமம் என்று பெயர். பணத்துக்கு ராயல்டி என்று பெயர்.

வாட்டும் அவருடைய கூட்டாளி மாத்யூ போல்ட்டனும் தொடக்கத்தில் முழு எந்திரத்தைச் செய்து விற்கவில்லை. வரைபடங்களையும், வால்வு போன்ற சில நுட்பமான உறுப்புகளையும் தந்தார்கள். மற்றவற்றைச் சுரங்க முதலாளியே தம் செலவில் வாங்கிப் பொருத்திக்கொள்வார். அவரிடம் ராயல்டியாக எவ்வளவு கேட்பது? இங்கேதான் ஓர் அழகான கணக்குப் போட்டார்கள். அதே வேலைக்குப் பழைய எந்திரம் எரிக்கும் நிலக்கரியோடு ஒப்பிட்டு, மிச்சமானதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு!

பழைய எந்திரம் 90 மூட்டை எரிக்கும் வேலையைப் புதியது 30 மூட்டையில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 60. அதில் 20 மூட்டையின் விலை வாட்டுக்கு. 40 மூட்டையின் விலை முதலாளிக்கு. எந்திரம் ஒன்றும் மிச்சப்படுத்தாவிட்டால் வாட்டுக்கும் ஒன்றுமில்லை.

சரி, எந்திரம் எவ்வளவு வேலை செய்தது என்று யார் பார்ப்பது? நம் ஊர் ஏற்றத்தின் துலாவைப் போல, அந்த எந்திரத்தின் மேலும் ஒரு பெரிய உத்திரம் ஏறி இறங்கும். அதில் எண்ணுமானி ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பொருத்தினார்கள். எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதை அது எண்ணிக்கொண்டே இருக்கும். முதலாளி கை வைக்க முடியாது.

கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் இந்த எந்திரத்துக்கு நல்ல வரவேற்பு. அங்கே நிலக்கரி கிடையாது; வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, ராயல்டி கட்டுவது அவர்களுக்குக் கசந்தது. ஜோனதன் ஹார்ன்ப்ளோவர் 1781-இல் இரண்டு உருளை கொண்ட எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வாட்டின் காப்புரிமை பற்றிய வழக்கில் 1799-இல் போல்ட்டன், வாட் பக்கமே தீர்ப்பாயிற்று. அக்காலத்தில் சாதாரணக் காப்புரிமைக்கு ஆயுள் 14 ஆண்டு. வாட்டுக்குக் கிடைத்ததோ 31 ஆண்டு! கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே வாட் மற்றொருவர் காப்புரிமையில் மாட்டிக்கொண்டார். மேலும் கீழும் செல்லும் அசைவைச் சுழற்சியாக மாற்ற கிராங்க் என்னும் வளைதண்டு வேண்டும். அதை எந்திரத்தில் பயன்படுத்தும் காப்புரிமையை 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்டு பெற்றிருந்தார். அவரிடம் போய் நிற்க வாட் விரும்பவில்லை. ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுற்றிவரும் ‘சூரியனும் கோளும்’ அமைப்பை 1781-இல் கொண்டுவந்தார்.

சுழலும் எந்திரத்தை ஆலைகள் விரும்பின. அங்கே ஒப்பிடப் பழைய எந்திரம் ஏது? பல ஆலைகளில் செக்கு மாடு போலக் குதிரைகள்தான் சுற்றிவந்தன. எனவே வாட் குதிரையின் உழைப்பை அளந்தார்: ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 5 பவுன், லண்டனில் 6 பவுன் என்று ராயல்டி வாங்கினார். பம்பு செட் மோட்டாரில் ‘5 எச்.பி.’ என்று படிக்கிறீர்களே, அந்த அளவு ராயல்டிக் கணக்குக்காக வகுக்கப்பட்டதுதான்.

1800-இல் காப்புரிமை முடிந்தது. 1811 முதல் கார்ன்வால் சுரங்கக்காரர்கள், எந்த எந்திரம் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடலானார்கள். யார் வேண்டுமானாலும் படித்து, தம் எந்திரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதற்கு ராயல்டி இல்லை.